எக்கர்ஸ்லியைப் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கயலுக்கு வரன் அமைந்ததில் ராஜிக்கும் எனக்கும் அவ்வளவு சந்தோஷம். தை மாதம் என்றால் கண்டிப்பாக வந்துவிடுவோம், ராஜி இப்போதே டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பையன் வேலை மாறி சியாட்டில் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். குடியை விட்டு இத்தனை மாதம் ஆகியும் சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது, சம்பந்தி வீட்டார் காதுக்குப் பழைய கதையெல்லாம் போகுமே என்று எழுதியிருந்தாய். ஷிப்ட் பொறுப்பிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்காரவைத்த வருத்தம் வேறு. நான் ரொம்ப நாளாக மதிக்கும் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்லத் தோன்றியது. பேஸ்பால் ஆட்டக்காரர். கொஞ்சம் பொறுமையாகப் படி.

டென்னிஸ் எக்கர்ஸ்லி என்று பெயர். நாங்கள் இருக்கும் இதே ஃப்ரீமாண்டில் வளர்ந்தவர், இங்குள்ள வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1975இல் க்ளீவ்லண்ட் அணிக்கு ஆட வந்தபோது வயது இருபது. 1977இல் ஒரு முழு ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேரும் ஒரு அடிகூட, கொடுக்காமல் வீசிக் காட்டினார். நீளமுடி, மீசை, அவுட்டாக்கியதும் கையை நீட்டிக் காட்டும் துடுக்கு. அடுத்த வருடமே எல்லாம் புரண்டது. மனைவி, அதே அணியில் ஆடிய இவருடைய நண்பரோடு போய்விட்டார். அணி இவரை பாஸ்டனுக்கு மாற்றிவிட்டது. அந்த 1978இலேயே பாஸ்டனுக்கு 20 வெற்றி தேடிக்கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் அவரையும் குடி பிடித்திருந்தது, அது விடவில்லை. 1984இல் சிகாகோ. அங்கே 1986 சீசன் படுமோசம். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் போதையில் இருந்த கோலத்தை வீட்டில் ஒருவர் வீடியோ எடுத்து, மறுநாள் அவருக்கே போட்டுக் காட்டினார். 1987 ஜனவரியில் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏப்ரலில் சிகாகோ அவரை ஓக்லண்டுக்குத் தள்ளிவிட்டது.

ஓக்லண்டில் மேனேஜர் டோனி லா ரூசா, பிட்சிங் கோச் டேவ் டங்கன். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் வேலை இனி இல்லை, தேவைப்படும்போது பின்னால் வந்து வீசு என்றார்கள். பன்னிரண்டு வருடம் முதல் பந்து வீசியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவருக்கு அதில் இஷ்டமே இல்லை. அப்புறம் கடைசியில் வீசுகிற ஜே ஹோவலுக்கு முழங்கை போனது, அந்த இடம் இவருக்கு வந்தது. நம் டி20யில் கடைசி ஓவரை ஒருவன் கையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அணி முன்னிலையில் இருக்கும், ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து மூன்று பேரை அவுட்டாக்கி வெற்றியைக் காப்பாற்ற வேண்டும். அப்படிக் காப்பாற்றினால் அது ஒரு 'சேவ்'. 1988இல் 45 சேவ் எடுத்தார்.

அதே வருடம் அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஊர் டாட்ஜர்ஸ் அணியோடு, சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஓக்லண்ட் 4-3 என்று முன்னால். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர்தான் பாக்கி. இலக்குத் தவறாமல் வீசுவதில் பேர்போன எக்கர்ஸ்லி, மைக் டேவிஸுக்கு நான்கு பந்தை வெளியே போட்டுச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினார். அடுத்து நொண்டிக்கொண்டே வந்தார் கிர்க் கிப்சன், இரண்டு காலிலும் அடி. மூன்று பந்து வெளியே போயிருந்தது, இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது, இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட். அந்தக் கட்டத்தில் இடக்கை ஆட்டக்காரருக்கு எக்கர்ஸ்லி வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே திரும்பும் ஸ்லைடர் என்ற பந்தைத்தான் போடுவார் என்று டாட்ஜர்ஸ் ஆள் ஒருவர் முன்பே சொல்லிவைத்திருந்தாராம். அதேதான் வந்தது. கிப்சன் தூக்கி அடித்தார், பந்து வேலியைத் தாண்டிப் போனது, ஹோம் ரன். முதல் பேஸில் நின்றவரும் சேர்ந்து இரண்டு ரன், ஆட்டம் முடிந்தது. பிறகு அந்தத் தொடரையே ஓக்லண்ட் தோற்றது.

முருகேசா, இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எக்கர்ஸ்லி பின்வாசல் வழியாக நழுவவில்லை. தன் லாக்கர் முன்னால் நின்று, வந்த நிருபர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். அடுத்த கூட்டம் வந்து அதையே கேட்டது, மறுபடியும் சொன்னார். பழைய ஆளாக இருந்தால் அந்த ராத்திரி நேராக பாருக்குத்தான் போயிருப்பார் என்பது என் எண்ணம். குடியை விட்டு இரண்டு வருடம்கூட ஆகாத மனிதர் அப்படி நின்றார் என்பது எனக்கு அவர் எடுத்த எந்த 'சேவ்' கணக்கைவிடவும் பெரிதாகப் படுகிறது. வீடியோ விஷயத்தையும் அவர் பிற்பாடு மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார்.

மறுவருடம் உலகத் தொடரை ஓக்லண்ட் ஜெயித்தது, கடைசி அவுட்டின்போது பந்து இவர் கையில். 1990இல் 73 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சும்மா நடக்கவிட்டது நான்கே பேரை. நான் இங்கே வந்திறங்கிய 1992இல் 51 சேவ் எடுத்தார், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஒரே வருடத்தில் கிடைத்தன. அந்தக் கோடையில் ஆபீஸ்காரர்கள் என்னை ஓக்லண்ட் அணியின் மைதானமான கொலிசியத்துக்கு இழுத்துப்போனார்கள். விதி ஒன்றும் புரியாவிட்டாலும் அவர் ஓடி வந்தபோது எழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. 2004இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இப்போது அந்த அணியே ஓக்லண்டை விட்டுச் சாக்ரமென்டோ போய்விட்டது, அதில் எங்கள் ஊருக்கெல்லாம் பெரிய மனக்குறை.

சம்பந்தி வீட்டார் கேட்டால் கேட்கட்டும், நீயே சொல்லிவிடு. மண்டப வாசலில் உன் பக்கத்தில் நான் இருப்பேன். ஸ்டோர்ஸ் வேலை எப்படிப் போகிறது, உன்னோடு யார் யார் இருக்கிறார்கள் என்று விவரமாக எழுது. கயலுக்கு இங்கிருந்து என்ன வாங்கி வரலாம் என்று தங்கச்சியிடம் கேட்டுச் சீக்கிரம் சொல். இல்லாவிட்டால் ராஜி பெட்டி முழுக்கச் சாக்லேட்டை அடைத்துவிடுவாள்.

அன்புடன்,
சேகர்