எச்-இண்டெக்ஸும் எங்கள் கடலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கடல் சூழலியல் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. என் வருத்தம் அவரைப் பற்றியதல்ல. நடுவில் கட்டம் கட்டி, ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை, அவற்றைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டிய மேற்கோள்கள் இத்தனை ஆயிரம், எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று போட்டுவிட்டு, இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தார் உங்கள் நிருபர். வேண்டும் சார்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எச்-இண்டெக்ஸ், ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றுக்கான மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்க 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு என்பது தாங்கள் அறியாததல்ல. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் 10. உலகமே எடுத்தாளும் ஒரே ஒரு கட்டுரையை எழுதிவிட்டு ஓய்ந்தவருக்கு எண் 1. சரி, போகட்டும். எங்கிருந்து எடுத்த எண் என்றாவது போட்டிருக்கலாமே? மேற்கோள்களை எண்ணும் இணையத் தளங்கள் பல. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கத் தாள் என்று எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் இருப்பதை மட்டும் பார்க்கும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வரும். தங்கம் விலை போடும்போது 22 காரட்டா 24 காரட்டா என்று சொல்ல மறக்காத பத்திரிகை உங்களுடையது.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்றும் இல்லை. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகள்மேல் பெப்சி பாசி படர்வதை 2008-ல் மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். (கப்பாபைகஸ் என்றால் இங்கே பலருக்குப் புரியாது, பெப்சி கம்பெனிக்காக வளர்த்த பாசி, அதனால் பெப்சி பாசி.) அந்தப் பாசி பவளத்தைக் கெடுக்கிறதா இல்லையா என்பது போன்ற சர்ச்சையில் ஏற்பவரும் எடுத்துக்காட்டுவார், மறுப்பவரும் எடுத்துக்காட்டுவார். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம், உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடுகிறவர்கள். கடல் அட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹோலோதூரியா ஸ்காப்ரா என்று அதன் அறிவியல் பெயரை எழுதி, பக்கத்திலேயே யேகர், 1833 என்று பெயர் வைத்தவரையும் போடுவார்கள். ஆனால் கடைசியில் வரும் நூற்பட்டியலில் பெரும்பாலும் யேகர் இருக்க மாட்டார், அதனால் மேற்கோள் கணக்கிலும் இல்லை. மன்னார் வளைகுடாப் பவளங்களைப் பட்டியலிட்ட சி.எஸ். கோபிநாத பிள்ளை போன்றவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அந்தக் காலத்து நிறுவன வெளியீடுகளில் கிடக்கிறது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிய ஒவ்வொரு முறையும் கட்டுரைகள் குவிந்தன. வெளிறியது எந்தப் பவளம் என்று சொல்ல, அதை முன்பே ஒருவர் இனம் கண்டு வைத்திருக்க வேண்டுமல்லவா?

என் பதவி உயர்வுக்கான நேர்காணலில் என் கட்டுரைகளை யாரும் பிரிக்கவே இல்லை. கடைசித் தாளில் இருந்த மதிப்பெண் கூட்டுத்தொகையை மட்டும் ஒருவர் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். பணம் கட்டினால் அந்த வாரமே அச்சேற்றும் இதழ்களில் எழுதித் தள்ளியவர் மேலே போனார். அந்த இதழ்களில் ஒன்றின் இணையதளம் இப்போது திறப்பதே இல்லை. முனைவர் பட்ட மாணவர்களும் அதே கடையில்தான் வரிசையில் நின்றார்கள். கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கைவிட்டது. பிள்ளைகள் கட்டிய பணம் கட்டியதுதான்.

ஆண்டுதோறும், மேற்கோள்களை வைத்துத் தயாரிக்கும் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியல் வந்ததும் கல்லூரி வாசல்களில் ஃபிளெக்ஸ் ஏறுகிறது. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த எண்ணும் அதே பட்டியலில் தனியாக இருக்கிறது. அதை எந்த ஃபிளெக்ஸிலும் நான் பார்த்ததில்லை, உங்கள் செய்திகளிலும்தான்.

மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பார்மேல் (கடலடிப் பாறைத் திட்டின்மேல்), எந்த மாதத்தில் தழைக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடியே சொன்னார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்குக் கிடைப்பது 'உள்ளூர் மீனவர்களுக்கு நன்றி' என்ற அரை வரி. உங்கள் கட்டுரையில் அந்த அரை வரியும் இல்லை.

உங்களிடம் இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தபோது, அந்தச் செய்திக்கு டால்பின் படம் போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது, அந்த எண் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று போடுங்கள். எந்தக் கடலில், எந்த உயிரினத்தைப் பற்றி என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டத்துக்குள் இடம் போதாவிட்டால் எச்-இண்டெக்ஸை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
ராமநாதபுரம் மாவட்டம்