எண்ணெய் கரையைத் தொடும் முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பலைக் கேரளத்துச் சங்கதியாகவே பலரும் நினைக்கிறார்கள். எங்கள் குமரி மாவட்டத்து நீரோடி, வள்ளவிளை பக்கம் வந்து பாருங்கள். அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் குருணை ஏற்கெனவே எங்கள் கரையில் ஒதுங்கிவிட்டது. பயறு அளவில் வெள்ளை மணிகள். கையால் பொறுக்க முடியாது. மணலை அள்ளிச் சல்லடையில் சலிக்க வேண்டும். அடுத்த அலையில் திரும்பவும் வந்துவிடுகிறது.

குருணை வந்த வழியில் எண்ணெயும் வந்துவிடுமோ என்பதுதான் இப்போது பயம். கப்பலில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் (கப்பலுக்கான கெட்டியான எரிபொருள்) 84 டன் டீசலும் இருந்ததாக அரசே சொல்லியிருக்கிறது. டீசல் பெருமளவு ஆவியாகிவிடும். ஃபர்னஸ் ஆயில் அப்படியல்ல. மழைக்கால அலையில் தண்ணீரோடு சேர்ந்து களிம்பாகிவிடும். அது பாறையில் அப்பினால், முங்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கு அந்தப் பாறை போனதுதான். ஜூன் 1 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இந்த நேரத்தில் கடலை நம்பி இருப்பது சிறு வள்ளக்காரர்களும், கரையில் நின்று வலை இழுக்கும் கரைமடிக்காரர்களும்தான்.

எண்ணெய் வரவில்லை, வதந்தி வந்துவிட்டது. சந்தையில் "கப்பல் விஷம் கலந்த மீனா?" என்று கேட்டால், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் எதைக் காட்டிப் பதில் சொல்வார்கள்? மீனைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஏலக்கூடத்திலும் ஒட்ட வேண்டும். கோயில் மைக்கில் தினமும் அறிவித்தால் இன்னும் நல்லது.

2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியபோது முதலில் கசிவே இல்லை என்றார்கள். அப்புறம் ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்தபோதும் மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். இங்கேயும் அப்படி நடக்க விடக்கூடாது. கடலில் தடுப்பது கடலோரக் காவல் படையின் வேலை. கரைக்கு வந்தால் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும்தான் பார்க்க வேண்டும். ஆற்றுவாய்களில் போடும் மிதவைத் தடுப்புகளும், அள்ளுபவர்களுக்குக் கையுறை, பூட்ஸும் இப்போதே வந்து சேரட்டும்.

இன்னொன்று. இழப்பீடு கேட்கும்போது கப்பல் நிறுவனத்தின் வக்கீல்கள் கணக்குக் கேட்பார்கள். வள்ளக்காரரிடம் ஏது ரசீது? மீன்வளத்துறை இன்றிலிருந்தே தினசரி மீன்பாட்டையும் ஏல விலையையும் ஊர்வாரியாகப் பதிவு செய்து, ஒரு நகலை ஊர்க் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்.