டைகரைக் கண்டுபிடித்துத் தந்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். காணாமல் போயிருந்த எங்கள் நாய் டைகர் வீடு வந்து சேர்ந்துவிட்டான். உடம்பு இளைத்திருக்கிறது, முன்னங்காலில் ஒரு சிராய்ப்பு, காது முழுக்க உண்ணி. மற்றபடி நலம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பாதிப் பேரின் பெயரே தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பெயர்தான் டைகர், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அன்றைக்குக் கதவு திறந்திருந்த நேரமாகப் பார்த்து இடித்தது, வெளியே பாய்ந்துவிட்டான். உடனே ஆளுக்கொரு வண்டியை எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே தேடக் கிளம்பினோம். எங்களைத் தடுத்து நிறுத்தியவர் எதிர்வீட்டு மாமா. "ஊர் சுற்றப் போன நாய் வேற, பயந்து ஓடின நாய் வேற. இப்போ உங்க குரல் கேட்டாலும் ஓடத்தான் செய்யும்" என்றார். பீதியில் இருக்கும் நாய்க்குச் சொந்த வீட்டு ஆளையே அடையாளம் தெரியாமல் போகும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டவர். அவர் சொன்னபடி, நோட்டீஸில் நாயின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டது இதைத்தான்: 'துரத்த வேண்டாம், கூப்பிட வேண்டாம், எங்களுக்கு ஃபோன் செய்யுங்கள்.' வண்டியில் போகிறவர் கண்ணில் படுவது சில நொடிதான் என்பதால் இனம், வயது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காவி நிறம், நெஞ்சில் வெள்ளை, ஒரு படம், ஒரு நம்பர், அவ்வளவுதான். அச்சடித்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

அப்புறம், ஃபோன் செய்தவர்கள். வேறு நாயைப் பார்த்துவிட்டு அழைத்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், சந்தேகமாக இருந்தாலும் சொன்னீர்களே, அதுதான் வேண்டும். இரவுக் காவல் வேலையில் இருக்கும் ஒருவர் கிட்டேயே போகாமல், தூரத்திலிருந்து படமெடுத்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனான் என்பதோடு அனுப்பியிருந்தார். அப்படி வந்த தகவல்களை வரைபடத்தில் குறித்தபோதுதான், அவன் எங்கோ தொலைதூரம் போகவில்லை, விடியற்காலையில் ஒரே வட்டாரத்தைச் சுற்றுகிறான் என்பது தெரிந்தது.

அந்த வட்டாரத்தில்தான் டைகரைப் பத்திரமாக வைத்திருந்த அக்கா இருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது! வாசலில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்க்காமல், தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பின்வாங்கி, முன்னே வந்து, மறுபடி பின்வாங்கி, கடைசியில் அவனாகவே அவர் முழங்கால் பக்கத்தில் படுத்துவிட்டான். தடுப்பூசி போட்ட நாயா என்று தெரியாதே, அதனால் தன் வீட்டு நாயோடு சேர்க்காமல் தனி அறையில் வைத்து, மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அங்கே ஸ்கேனரைத் தோளருகே வைத்ததும், தோலுக்கு அடியில் போட்டிருந்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் வந்தது, அந்த எண்ணோடு பதிவு செய்திருந்த எங்கள் ஃபோன் நம்பரும் கிடைத்தது. சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று மொபைலில் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அரிசி மணி அளவுள்ள அதில் பேட்டரிகூடக் கிடையாது. ஸ்கேனர் பக்கத்தில் வந்தால் எண்ணைச் சொல்லும், அதோடு சரி. பதிவில் இருப்பது பழைய ஃபோன் நம்பர் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? சிப் போட்டிருப்பவர்கள் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விஷயம் கேட்டதும் என் தம்பி பறந்தடித்துக்கொண்டு போனான். அக்கா நாயைக் கொடுக்கவில்லை! "நம்பர் யாருதுன்னு தெரியுது, வந்திருக்கிறது யாருன்னு தெரியலையே" என்றாராம். தம்பி கடுப்போடு திரும்பி வந்தான். எனக்கோ அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. காரணம், அதற்கு முன்பே ஒருவன் "நாய் என்கிட்ட இருக்கு, பணம் அனுப்புங்க, கொண்டு வர்றேன்" என்று ஃபோன் செய்திருந்தான். ஓர் அடையாளத்தை வேண்டுமென்றே நோட்டீஸில் போடாமல் வைத்திருந்தோம். அதைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டான். அக்கா கேட்டதும் அதே கேள்விதான். நாங்கள் மறுபடி போய், பின்னங்காலில் ஒரு நகம் மட்டும் வெள்ளை என்று சொல்லி, தடுப்பூசி அட்டை, குட்டியாக இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் காட்டிய பிறகே கதவைத் திறந்தார். யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடும் நல்ல மனசைவிட இந்தப் பிடிவாதம்தான் டைகரைக் காப்பாற்றியது.

ஒட்டிய நோட்டீஸை எல்லாம் கழற்றிக்கொண்டிருக்கிறோம். விட்டுப்போனது கண்ணில் பட்டால் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து ஒட்டுகிறவரின் நோட்டீஸை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். தேடும்போது ஒரு கறுப்புப் பெண் நாயும் கிடைத்தது. வயதானது, சிப் இல்லை. கருத்தடை செய்து விட்ட தெருநாய்க்கு இருக்கும் காது வெட்டும் இல்லை. கழுத்தில் பட்டை உரசி முடி தேய்ந்திருக்கிறது, ஆகவே யாரோ வளர்த்ததுதான். இப்போது எங்கள் மாடியில் இருக்கிறது. உங்களுடையது என்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் அடையாளம் என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

நன்றியுடன்,
டைகர் வீட்டார்