நாற்பது பக்க நோட்டு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கும், உறவினருக்கும், பள்ளியின் சக ஆசிரியர்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணிச் செவிலியர் சகோதரிக்கும் வணக்கம்.

வீடு திரும்பி இன்றோடு 9 நாள்கள் ஆகின்றன. நடந்தவற்றை நீங்கள் அனைவரும் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஏனெனில் உண்ணிக் காய்ச்சல் நுரையீரலைத் தாக்கி, மூச்சுக் கருவியான வென்டிலேட்டரில் கிடந்த அந்த 11 நாள்களில் உண்மையாக நடந்த எதுவும் என் நினைவில் இல்லை. நினைவில் இருந்ததெல்லாம் பொய். யாரோ என்னைக் குளத்து நீரில் முகம் குப்புற அமுக்கிப் பிடித்திருந்தார்கள். கத்தினேன், குரல் எழவில்லை. பொது வார்டுக்கு மாற்றிய பிறகும் கண்ணை மூடினால் அந்தக் குளம்தான் வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் இப்படிப் பயப்படுவதா என்று நாணி, என் துணைவியாரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரவு நான் உறங்காமல் விழித்திருந்ததைக் கண்டு, அவர் தம் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். "சார் கொஞ்சம் தேறிய பிறகு கொடுங்கள் என்று சிஸ்டர் சொன்னார்" என்றார். ஒவ்வோர் இரவும், தம் வேலைக்கிடையில், எனக்காக அந்தச் சகோதரி எழுதி வைத்த குறிப்புகள் அதில் இருந்தன. வட ஐரோப்பிய நாடுகளில் தீவிர சிகிச்சைச் செவிலியர்கள் நோயாளிக்காக இப்படி நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டென்று பின்னர் அறிந்தேன். இங்கே அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் குறிப்பு இது: "இரவு 9 மணிக்கு ஐந்து பேர் சேர்ந்து உங்களைக் குப்புறப் படுக்க வைத்தோம். நாளை பகல் 1 மணிக்குத்தான் திருப்புவார்கள். இரண்டு மணிக்கொரு முறை உங்கள் முகத்தை மறுபக்கம் திருப்பி வைப்பேன்; கன்னம் புண்ணாகக் கூடாது. பயப்படாதீர்கள் சார், பக்கத்தில்தான் இருக்கிறேன்."

இதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குளத்தில் என்னை அமுக்கியதாக நான் நம்பிய கை, என் கன்னத்தைக் காத்த கை. நீர் என்பதும் முழுப் பொய்யன்று, ஏ.ஆர்.டி.எஸ். என்னும் இந்தக் கடும் மூச்சுத்திணறலில், அழற்சியால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, நுரையீரலின் காற்றறைகளில் நீர் நிறைகிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது, ஈரப் பஞ்சு தன் பாரத்தால் அடியில் அமுங்குவதுபோல, முதுகுப்புற நுரையீரல் அமுங்கிக் கிடக்கும். குப்புறப் படுக்க வைத்தால் அப்பகுதி விரிந்து காற்று வாங்கும். நிலைமை மோசமானவர்களை நாள்தோறும் குறைந்தது 16 மணி நேரம் இப்படிக் கிடத்தியபோது, 28 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 33 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது என 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இன்னொரு பக்கத்தில், "இன்று நாடா வைத்து உங்கள் உயரத்தை மறுபடி அளந்தேன், 168 செ.மீ." என்று இருக்கிறது. என் எடை 82 கிலோவானாலும், உடல் பருத்தால் நுரையீரல் பெரிதாவதில்லை என்பதால், உயரத்துக்குரிய எடையை 64 கிலோ எனக் கணக்கிட்டு, கிலோவுக்கு 6 மில்லி வீதம், மூச்சுக்கு ஏறத்தாழ 385 மில்லி காற்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். புண்பட்ட நுரையீரலைப் பெரிய மூச்சே மேலும் காயப்படுத்தும் என்பது 2000ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்றில் உறுதியானது. நுரையீரல் தானே ஆறும்வரை அதற்கு மேலும் காயம் நேராமல் காப்பதே இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி என்று இப்போது புரிகிறது. அந்தக் காவலில் ஓர் அளவுநாடாவுக்கும் பங்கு உண்டு.

என் அக்குளில் உண்ணி கடித்த இடத்தில் இருந்த கருத்த பொருக்கைக் கவனித்து உண்ணிக் காய்ச்சல் என்று ஊகித்து, அன்றே அதற்குரிய டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்கச் செய்த பயிற்சி மருத்துவருக்கும், மூத்த மருத்துவர்களுக்கும், இயன்முறைச் சிகிச்சையாளருக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், நள்ளிரவில் வண்டி எடுத்த தம்பிக்கும், வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட ஆசிரியர்களுக்கும் என் நன்றி. தனித்தனியே எழுத வேண்டியதுதான் முறை. பேனா பிடிக்கும் விரல்கள் அரைப் பக்கத்திலேயே சோர்ந்துவிடுவதால் பொறுத்தருள்க.

இனி மாதந்தோறும் என் சம்பளத்தில் அந்தப் பிரிவுக்குக் கோடு போட்ட நோட்டுகளும் பேனாக்களும் வாங்கி அனுப்புவேன்.

நோட்டின் கடைசிக் குறிப்பு இரண்டு வரிகள்தாம்: "இன்று குழாயை எடுத்துவிட்டார்கள். இரவு உங்கள் குரலை முதன்முறையாகக் கேட்டேன், தண்ணீர் கேட்டீர்கள்."

சகோதரி, அந்தத் தண்ணீரும் எனக்கு நினைவில்லை. உங்கள் முகத்தையும் நான் அறியேன். வரும் திங்கட்கிழமை காலை பரிசோதனைக்கு வருகிறேன். இரவுப் பணி தொடங்கும்வரை வெளியே காத்திருப்பேன்.