90 நொடிக்குப் பிறகும் பாட்டு இருக்கிறது

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. யாழினி நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே (அசைபடத்) தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்பதையும், ஒவ்வொரு பகுதியிலும் முகப்புப் பாடலைத் தாண்டிச் செல்லும் பொத்தானை மறக்காமல் அழுத்திவிடுகிறாள் என்பதையும் படித்தபோது, நம் விடுதி அறை அப்படியே கண்முன் வந்தது. 2008-இல் நீயும் அதைத்தான் செய்தாய். பாட்டு தொடங்கியதும் உன் விரல் அம்புக்குறி விசைக்குப் போகும், நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். "விளம்பரத்துக்காகக் கதையின் முன்னால் ஒட்டவைத்த பாட்டுதானே, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று அன்று கேட்டதை இந்தக் கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விளம்பரம் என்பதை மறுக்க மாட்டேன். ஜப்பானில் இந்த ஏற்பாட்டுக்கு 'டை-அப்' என்றே பெயர். ஒரு தொடரின் செலவைத் தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், இசைத்தட்டு நிறுவனம் எனப் பலர் சேர்ந்த தயாரிப்புக் குழு பங்கிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். பணம் போடும் இசைத்தட்டு நிறுவனம் தன்னிடம் ஒப்பந்தமான குழுவின் பாடலை முகப்பில் வைக்கச் சொல்வதும் இயல்பே. 2003-இல் ஒளிபரப்பான ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டின் தயாரிப்பில் பங்கேற்ற அனிப்ளெக்ஸ், சோனியின் இசை நிறுவனத்தைச் சேர்ந்தது. அத்தொடரின் இரண்டாம் முகப்புப் பாடலைத் தந்த லார்க்-அன்-சியெல் குழுவும், நான்காவதைத் தந்த ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் குழுவும் அதே சோனியின் கியூன் பிரிவில் இருந்தவை. இது தற்செயல் அன்று. ஆனாலும் கச்சேரிக்குப் பந்தல் போட்டவர் யார் என்பது வேறு, மேடையேறியவர் என்ன பாடினார் என்பது வேறு.

1972-இல் மஸிங்கர் ஸெட் தொடருக்காக மிசுக்கி இச்சிரோ பாடிய பாட்டு அந்த இயந்திர வீரனின் பெயரையே திரும்பத் திரும்ப முழங்கும். கதைக்காகப் பிறந்த பாட்டு அது. ராக் குழுக்கள் வந்தபோது கதையின் பெயர் பாட்டிலிருந்து போய்விட்டது. 1996-இல் ருரோனி கென்ஷின் தொடருக்கு ஜூடி அண்ட் மேரி குழு தந்த 'சொபகாசு', முகத்திலுள்ள புள்ளிகளை நினைத்து ஒரு பெண் பாடும் காதல் பாட்டு. கதையோ ஜப்பானின் மெய்ஜி காலத்தில் (1868–1912) இனிக் கொல்வதில்லை என்று உறுதி பூண்டு அலையும் ஒரு வாள்வீரனுடையது. இரண்டுக்கும் ஒட்டே இல்லை என்று நீ சொல்வாய். அந்தப் பாட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதைவிட, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்றும் அந்தப் பாட்டைப் பிரித்துவிட்டுக் கென்ஷினை நினைக்க முடிவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கதை சொல்லாத பாட்டு கதைக்குப் பக்கத்திலேயே நடந்துவந்து, வாரந்தோறும் கேட்டுக் கேட்டு, அதன் உடன்பிறப்பாகவே ஆகிவிடுகிறது.

யாழினி தாண்டிச் செல்லும் பாடல்களில் 'ஹருக்கா கனட்டா' ஒன்று. யோகோஹாமாவில் உள்ள கான்டோ காக்குயின் பல்கலைக்கழகத்தில் 1996-இல் ஒன்றுசேர்ந்த நான்கு மாணவர்கள்தான் ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன். அவர்கள் சிறிய அளவில் 2002 நவம்பரில் வெளியிட்ட குறுந்தட்டின் முதல் பாட்டு அது. நருட்டோவின் இரண்டாம் முகப்புப் பாடலானது அடுத்த ஆண்டில்தான். பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஓடத் தொடங்கி, பிறகு கிட்டார்களும் ட்ரம்ஸும் ஒன்றாக வந்து மோதும் அந்தத் தொடக்கத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பெயர் தெரியாத இளைஞர்கள் தங்களுக்காகவே கத்திய பாட்டு என்பதால்தான், ஊரார் ஒதுக்கிய நருட்டோ என்ற சிறுவன் ஓடுவதற்கு அது அவ்வளவு பொருந்தியது என்று நினைக்கிறேன்.

முகப்புக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 90 நொடி. தொடக்க இசை, 'ஏ-மெலோ' என்னும் முதல் பகுதி, 'பி-மெலோ' என்னும் ஏற்றம், 'சாபி' என்னும் உச்சப் பல்லவி என்று ஜப்பானியர் பகுத்து வைத்திருக்கும் அமைப்பின் ஒரே ஒரு சுற்று அதற்குள் அடங்கிவிடும். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றின் மீதியை நாம் தொலைக்காட்சியில் கேட்பதே இல்லை. நான் உன்னிடம் வாதாடவேண்டிய இடம் இதுதான். ஃபுல்மெட்டலுக்கு ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் தந்த 'ரீரைட்' பாட்டை முழுவதுமாக ஒரு முறை கேள். "அழித்துவிட்டு மீண்டும் எழுது" என்ற கருத்தில் சுழலும் அதன் பல்லவி, இறந்த தாயை ரசவாதத்தால் மீட்கப் போய் உடலை இழந்து, பிறகு தங்கள் வீட்டையே எரித்துவிட்டுக் கிளம்பிய அந்தச் சகோதரர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று உனக்கே தெரியும். ஆனால் முகப்பில் வராத நடுப்பகுதியில் பாட்டின் வேகம் முழுவதும் அடங்கி, குரல் தொலைவிலிருந்து எதிரொலிப்பதுபோல் ஆகி, ஒரு கட்டத்தில் முடிந்தேவிட்டது என்று நாம் எண்ணும்போது மறுபடியும் வெடித்துக் கிளம்பும். அந்த அடக்கத்தைக் கேட்ட பிறகு, 90 நொடியில் கேட்ட அதே சாபி வேறு எடையோடு காதில் விழுகிறது. எனக்கு இது பத்தாண்டு கழித்துத்தான் கிட்டியது. பாதிப் பாட்டையே முழுப் பாட்டென்று நம்பியிருந்தேனே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

அதே குழுவின் 'ரீ: ரீ:' பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2004-இல் 'சோல்-ஃபா' தொகுப்பில் வந்தது. 2016-இல் மீண்டும் பதிவு செய்யப்பட்டு, சிறுவயதுக்கே திரும்பிச் சென்று ஒரு தோழியைக் காப்பாற்றப் போராடும் ஒருவனைப் பற்றிய எரேஸ்ட் தொடரின் முகப்பில் ஒலித்தது. பன்னிரண்டு ஆண்டு மூத்த குரலில், அதே இளமைக்காலப் பாட்டு. பின்னோக்கிப் போகும் கதைக்கு இதைவிட நல்ல பாட்டைப் புதிதாக எழுத வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரம் என்றால் விற்று முடிந்ததும் மறையவேண்டும். இது மறையவில்லை, செல்வம். ஒசாகா மாநிலத்தின் சாக்காய் நகரிலிருந்து வந்த கானா-பூன் குழுவினர் ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2012-இல் ஒரு தேர்வில் வென்று அந்த மூத்த குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக வாசித்தார்கள். 2014-இல் அதே நருட்டோவின் தொடர்ச்சிக்கு 'சிலுவெட்' என்ற முகப்புப் பாடலைத் தந்தார்கள். 'ஹருக்கா கனட்டா' தொடங்குவது 'மிதித்து முன்னேறு' என்னும் பொருள் தரும் 'ஃபுமிக்கொமு' என்ற வினையில். 'சிலுவெட்'டின் முதல் அடியிலும் அதே வினை நிற்கிறது. அதைக் கவனித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

2022-இல் வந்த 'போச்சி த ராக்!' தொடரை யாழினிக்குக் கட்டாயம் காட்டு. அதில் இசைக்குழு நடத்தும் நான்கு பெண்களின் குடும்பப் பெயர்கள் கோட்டோ, கிட்டா, யமாடா, இஜிச்சி. ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனின் நால்வருக்கும் அதே பெயர்கள்தாம், யமாடா பேஸ், இஜிச்சி ட்ரம்ஸ் என்பது உட்பட. பெரும்பாலான பகுதிகளின் தலைப்புகளும் அக்குழுவின் பாட்டுப் பெயர்களிலிருந்து எடுத்தவையே. கூச்சம் மிகுந்த கதாநாயகி கோட்டோ, கடைசிப் பகுதியில், அக்குழு 2008-இல் பாடிய 'கொரொகரு இவா' பாட்டைத் தன் குரலில் பாடுகிறாள்.

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். ஆறு மாதமாக பேஸ் கிட்டார் கற்கிறேன். இடக்கை விரல்நுனிகள் காய்த்துப் போய்விட்டன. 'ஹருக்கா கனட்டா'வின் தொடக்கத்தைக் கிட்டார்கள் நுழையும் இடம் வரை, முக்கால் வேகத்தில், தடங்கலில்லாமல் வாசிக்க வருகிறது. பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் மூவரும் இங்கே வரும்போது முழு வேகத்துக்கு வந்திருக்கும். அதுவரை யாழினியிடம் எதையும் வற்புறுத்தாதே. அவள் பொத்தானை அழுத்தட்டும். நான் இங்கே நேரில் வாசித்துக் காட்டுகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
இளங்கோ