சார்ஜர் இல்லாத போன்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோபம். ஒன்றரை வருடமாக உட்கார்ந்து எழுதிய மாயாஜால நாவலைப் படித்துவிட்டு, "உன் பேசும் சங்கு சார்ஜர் இல்லாத போன்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நீ சொன்னதுதான் சரி என்று பட்டது. அப்புறம் திருத்த ஆரம்பித்தவன் இன்றைக்குத்தான் நிமிர்ந்தேன்.

முதலில் எழுதியது உனக்குத் தெரியும். இளவரசி சங்கைக் காதில் வைப்பாள், எங்கேயோ இருக்கிற அப்பா பேசுவார். சங்கை யார் செய்தார்கள், என்ன செலவு, எப்போது கெட்டுப்போகும், ஒன்றும் கிடையாது. போன் என்ற சொல்லை அடித்துவிட்டுச் சங்கு என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது வேறு மாதிரி. ஒரே வலையில் ஒன்றாகச் சிக்கிய இரண்டு சங்குகள் மட்டும்தான் ஒன்றோடொன்று பேசும். அதுவும் உள்ளே கடல்நீர் இருக்கும்வரை. அமாவாசைக்கு அமாவாசை நீரை மாற்ற வேண்டும். இதை எழுதி முடித்ததுமே மலைக்கோட்டைகளுக்குக் கடல்நீர் எப்படிப் போகும் என்ற கேள்வி வந்தது. தோல்பையில் உப்புத்தண்ணீர் சுமந்து மலையேறும் ஒரு கூட்டம் நான் கூப்பிடாமலே கதைக்குள் வந்துவிட்டது. அவர்கள் ஒரு மாதம் சுமையை இறக்கி வைத்துவிட்டால் ராஜாவுக்குக் காது கேட்காது.

அடுத்தது கணக்கு. நாற்பது கோட்டைகளும் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் 780 ஜோடிச் சங்கு வேண்டும். நடுவில் ஒரு மண்டபம் கட்டி எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தால் 40 ஜோடி போதும். அந்த மண்டபத்தில் பெண்கள் உட்கார்ந்து, ஒரு சங்கில் கேட்டதை இன்னொரு சங்கில் திருப்பிச் சொல்வார்கள். அது என்ன இடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே குப்பை கொட்டியவன் நீ.

அந்த மண்டபத்தை எழுதும்போது நம் ஹாஸ்டல் நாட்கள்தான் ஞாபகம் வந்தன. எங்கள் வீட்டில் போன் கிடையாது, பிபி நம்பர்தான்; எதிர்த்த மளிகைக் கடைக்குப் போட்டால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆபரேட்டரிடம் சொல்லி டிரங்கால் போட்டு "கணக்கில் போயிடுச்சும்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நான் ஊர் போய் இறங்குவதற்குள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் துக்கம் விசாரிக்கிறார்கள்! கடைக்காரர் சொன்னாரா, நடுவில் ஆபரேட்டர் யாராவது கேட்டார்களா, இன்றுவரை தெரியாது.

பாஸ்டனில் 1878இல் எம்மா நட் என்ற பெண்ணை ஆபரேட்டராக வைத்ததற்குக் காரணமே, அதற்குமுன் இருந்த பையன்கள் வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டும் சேட்டை செய்துகொண்டும் இருந்ததுதான். கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் கதை இன்னும் அருமை. ஈமச்சடங்குத் தொழில் பார்த்த மனுஷர். தனக்கு வர வேண்டிய அழைப்பையெல்லாம் ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகம். அந்த எரிச்சலில் ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார். நீ ரேக் ரேக்காகத் துடைத்துப் பராமரித்த அந்தக் கடகட மெஷினுக்கு மூலம் ஒரு பொறாமைச் சண்டை. என் கதையிலும் மண்டபத்துப் பெண்கள் எல்லா ரகசியமும் தெரிந்தவர்கள். இளவரசியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டேன். இனிமேல் பதினேழாம் சங்குக்காரிதான் நாயகி.

அப்புறம் அந்தக் குளிர்கல் பெட்டி. "இது ஃப்ரிட்ஜ்தானே" என்று கேட்டிருந்தாய். அதை எடுத்தே விட்டேன். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, இப்போது விவேகானந்தர் இல்லம், அதை டியூடர் என்பவரின் கம்பெனி 1842இல் கட்டியது அமெரிக்க ஐஸை வைக்கத்தான். குளிர்காலத்தில் உறைந்த ஏரியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். எந்த மந்திரவாதியும் இல்லை, வெறும் மரத்தூள்! இதற்குமுன் என் குளிர்கல் எங்கே நிற்கும்? நாவலிலும் வடக்கிலிருந்து ஐஸ் கப்பல்தான் வருகிறது. வழியில் கரைந்ததற்கு யார் பொறுப்பு என்று துறைமுகத்தில் ஒரு தகராறு வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லக் கூடாது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் முட்டிவலி, மாடி ஏறுவதை நிறுத்தியாயிற்று. தங்கச்சி கையால் மாவடு போட்டால் எனக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்து வை.

இப்போது ஒரு உதவி வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சங்குகளில் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கசிய வேண்டும், அதில்தான் சதி வெளியே வருகிறது. மழைக்காலத்தில் கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் கிராஸ் டாக் எப்படிக் கேட்கும்? வார்த்தை புரியுமா, குரல் மட்டும் தெரியுமா, இரைச்சல் முதலில் வருமா பேச்சு முதலில் வருமா? காதில் கேட்டது கேட்டபடி எழுது. இந்த முறை ஒரே வரியில் முடிக்காதே.

உன் பழைய ரூம்மேட்