படிக்க மட்டுமேயான பெட்டியிலும் கர்சரைக் காட்டுங்கள்

இடைமுகக் கருவித்தொகுப்புகளை உருவாக்கும் மதிப்பிற்குரிய நிரலாளர்களுக்கு,

வணக்கம். படிக்க மட்டுமே முடிகிற, திருத்த முடியாத உரைப்பெட்டியில் கர்சர் (எந்த எழுத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு) தெரியவில்லை என்று யார் புகார் கொடுத்தாலும், 'இது பிழையல்ல, வடிவமைப்பே இப்படித்தான்' என்று எழுதி மூடிவிடுகிறீர்கள். இந்த மடல் அந்தப் பதிலுக்காகத்தான்.

ஒரு பிழைச்செய்திப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வரிச் செய்தி. ஆறாவது வரியின் நடுவில் பிழை எண். அதை மட்டும் நகலெடுக்க வேண்டும். மவுஸ் பிடிக்க முடிந்தவர் இரட்டைச் சொடுக்கில் முடித்துவிடுவார். விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவர் டேப் தட்டி உள்ளே போகிறார், அம்புவிசையால் நகர்கிறார். எந்த எழுத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. ஷிஃப்டைப் பிடித்து ஓர் அம்பு தட்டி, எது நிறம் மாறுகிறது என்று பார்த்து, விட்டு, திரும்ப நகர்ந்து, மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து விடுபட்டால் அந்த எண்ணைத் தேடியும் பயனில்லை. கடைசியில் கன்ட்ரோல்+ஏ போட்டு மொத்தத்தையும் வேறொரு எடிட்டரில் ஒட்டி, அங்கே வெட்டி எடுக்கிறார். விண்டோஸ் உருப்பெருக்கியில் 400 சதவீதம் வைத்துப் படிப்பவர் பாடு இன்னும் மோசம். திரையின் பதினாறில் ஒரு பங்குதான் அவர் கண்ணில் படும். உருப்பெருக்கி கர்சரைப் பின்தொடர்ந்து நகரும். பின்தொடரக் கர்சர் இல்லாவிட்டால் காட்சி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கர்சரைக் காட்டுங்கள். இது பெரிய வேலையல்ல என்பது உங்களுக்கே தெரியும். மைக்ரோசாஃப்டின் இடைமுகக் கருவித்தொகுப்பான டபிள்யூபிஎஃப்-இல், இதற்கென்றே 'இஸ்ரீட்ஒன்லிகேரட்விசிபிள்' என்ற பண்பு இருக்கிறது. ஆனால் இயல்நிலையில் அணைந்தே கிடக்கிறது. க்யூட்டி என்ற இன்னொரு கருவித்தொகுப்பின் ஒற்றைவரி உரைப்பெட்டியான 'க்யூலைன்எடிட்', படிக்க மட்டும் என்றதும் கர்சரை மறைத்துவிடுகிறது. வெறும் இணையப் பக்கத்தில்கூட எஃப்7 தட்டினால் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் கர்சரோடு நகர முடிகிறதே!

கர்சர் துடித்தால் திருத்தலாம் என்று பயனர் ஏமாறுவார் என்கிறீர்கள். துடிக்காத கோடாக வையுங்கள், பின்னணி நிறத்தை மாற்றுங்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்குப் 'படிக்க மட்டும்' என்ற நிலையைச் சொல்லுங்கள். டேப் தட்டி வந்து நிற்கும் பெட்டியைச் சுற்றி ஃபோகஸ் கோடு இருக்கிறதே என்றால், அது எந்தப் பெட்டி என்று காட்டும். எந்த எழுத்து என்று காட்டாது.

இதைவிடக் கொடுமை, 'ரீட்ஒன்லி' (படிக்க மட்டும்) போட வேண்டிய இடத்தில் 'டிஸேபிள்டு' (செயலற்றது) போட்டுவிடுவது. டேப் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும், படிவத்தோடு மதிப்பும் போகாது, எழுத்து வெளிறிச் சாம்பலாகிவிடும். செயலற்ற உறுப்புகளுக்கு, டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் நிறவேறுபாட்டு விதியில் விலக்கு உண்டு என்பதற்காகப் படிக்கவேண்டிய தகவலை அதற்குள் தள்ளுவது நியாயமா? நகலெடுக்கவே விடாத உரையாடல் பெட்டிகள், படித்து முடிப்பதற்குள் மறையும் அறிவிப்புகள் என்று இந்தப் பட்டியல் நீளும். அவற்றைத் தனியே பேசலாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். ஃபோகஸ் வந்ததும், படிக்க மட்டுமேயான பெட்டியிலும் கர்சர் இயல்பாகவே தெரியட்டும்; வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ளட்டும். மூடிவைத்த புகார்களை மறுபடி திறந்து, அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விசைப்பலகைப் பயனர்கள்